பதின்மூன்று வருடம் பரணில் கிடந்த டைவிங் பை: எது தேறியது, எது குப்பைக்குப் போனது, எதற்குக் காசு செலவழித்தேன்

2015 டிசம்பரில் முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்தது, கட்டில் ஊறி உப்பியது, கல்யாண ஆல்பம் கூழாகிப் போனது. பரண் மேல் கிடந்த என் ஸ்கூபா பை மட்டும் சொட்டு ஈரம் படாமல் தப்பியது. "அத்தான், தண்ணிக்குள்ள முங்குறதுக்குன்னே செஞ்ச சாமான் ஒண்ணுதான் இந்த வீட்டுல முங்கல" என்று மச்சான் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறான்.

அந்தப் பையைப் போன வருடம்தான் இறக்கினேன். கடைசியாக முங்கியது 2011 பிப்ரவரியில், அந்தமானில். அப்போது அந்தத் தீவுக்குப் பெயர் ஹேவ்லாக், இப்போது ஸ்வராஜ் தீவு. அந்த ஜூனில் மகள் பிறந்தாள், அப்புறம் வீட்டுக் கடன், அப்பாவின் டயாலிசிஸ், வெள்ளம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது 2007இல் மலேசியாவின் தியோமான் தீவில் கற்றுக்கொண்டு, அடுத்த வருடமே சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய முழு செட் அது. 140 டைவ் போட்ட சாமான். வாங்கின காலத்தில் நல்ல சாமான்தான். இத்தனை வருடம் கழித்து அதை நம்பி இறங்கலாமா, புதிதாக வாங்க வேண்டுமா, வாங்குவதென்றால் எதை? என்னைப் போலப் பாதியில் விட்டுவிட்டு ஐம்பது வயதில் திரும்ப யோசிக்கிறவர்கள் நாலைந்து பேர் கேட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜிப்பைத் திறந்ததும் வந்தது கடல் வாசனை இல்லை, அந்துருண்டை வாசனை. பூச்சி வரக்கூடாதே என்று மனைவி எப்போதோ ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டிருக்கிறாள். அது கரைந்து காணாமல் போய், வாசம் மட்டும் ரப்பரில் ஏறி உட்கார்ந்திருந்தது. கூடவே பல்லி முட்டை மூன்று. தூத்துக்குடிக்காரியான அம்மா வாசலில் உட்கார்ந்து, நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏல, முத்துக்குளிக்கப் போறவன் ஒரு கல்லும் ஒரு கயிறும்தாம்ல கொண்டு போவான். கயித்தப் பிடிக்க மச்சினன் நிப்பான். ஒனக்கு என்னத்துக்குல இம்புட்டு மூட்ட?" மச்சினன்தான் எனக்கும் இருக்கிறான், கயிற்றைக் கொடுத்தால் செல்போன் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவான்.

முதலில் மண்டையைப் போட்டது பூட்டீஸ், அதாவது டைவிங் காலணி. வெளியில் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. மொட்டை மாடியில் போட்டு நாலு எட்டு வைத்தேன், இரண்டு பாதமும் தனித்தனியாகக் கழன்று எனக்குப் பின்னால் கிடந்தன. பசையும் அடித்தட்டும் நம் ஊர்ப் புழுக்கத்தில் வருடக்கணக்காக ஈரக் காற்றைக் குடித்து உள்ளுக்குள்ளேயே பொடிந்துபோயிருக்கின்றன. இது ஒரு பாடமாகவே அமைந்தது. டைவிங் சாமானில் உலோகம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பசையும் கெட்டால் போட்டு நடக்கிறவரை தெரியாது.

உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடையான வெட்சூட் சுருங்கிப்போயிருந்தது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் 71 கிலோ, இன்றைக்கு 84. அதற்கு மேல் இந்த விஷயத்தைக் கிளற விருப்பமில்லை.

ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று சொல்கிற கைக்கடிகாரம் மாதிரியான டைவ் கம்ப்யூட்டருக்கு வட்ட பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். திரை உயிர் பெற்றபோது உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ஆனால் அது மேஜை மேல் இருந்துகொண்டே 1.4 மீட்டர் ஆழம் என்று காட்டியது. மேஜை எங்கள் வீட்டு முதல் மாடியில் இருக்கிறது. வாளித் தண்ணீரில் போட்டேன், அப்போதும் 1.4. அழுத்தத்தை அளக்கிற சென்ஸார் போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டியதில்லை; அத்தனை வருடம் கிடந்த எதற்கும் நேரக்கூடியதுதான். ஆழம் தப்பாகக் காட்டுகிற கம்ப்யூட்டரைவிடக் கம்ப்யூட்டரே இல்லாமல் முங்குவது மேல், ஏனென்றால் இல்லாதபோது நாம் குறைந்தபட்சம் பயத்தோடாவது இருப்போம்.

அடுத்தது பிசிடி, அதாவது முதுகில் சிலிண்டரைத் தாங்கி, காற்று ஏற்றி இறக்கி நம்மை மிதக்க வைக்கும் ஜாக்கெட். அதை வீட்டில் வாயால் ஊதி ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். காலையில் பாறை மாதிரி இருந்தது. ஆஹா, பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். சான்றிதழ் அட்டைக்குக் காலாவதி கிடையாது என்றாலும், இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு யாரும் நேராகக் கடலுக்குக் கூட்டிப் போகமாட்டார்கள். முதலில் நீச்சல் குளத்தில் ரிஃப்ரெஷர் என்கிற மறுபயிற்சி. அங்கே இந்த ஜாக்கெட்டையும் கொண்டுபோனேன். பயிற்சியாளர் பையனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். நான் முதல் டைவ் போட்டபோது அவன் மூன்றாவது படித்துக்கொண்டிருந்திருப்பான். "குளத்துலயே பாத்துருவோம் சார், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றான்.

நாலு மீட்டர் ஆழத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி ஊதி வெளியேற்றிக்கொண்டிருந்தேன். தோள் இறுகியது. விலாவைச் சுற்றி யாரோ மெதுவாகக் கட்டிப்பிடிப்பது போல. நான் பொத்தானைத் தொடவே இல்லை, ஆனால் ஜாக்கெட் தானாக ஊதிக்கொண்டிருந்தது. அதற்குள் முட்டி தரையை விட்டு எழும்பிவிட்டது. கை தானாகப் போய், ஜாக்கெட்டுக்குள் காற்று ஏற்றுகிற இன்ஃப்ளேட்டரின் குழாயைப் பிடுங்கியது. மற்ற கை தோளில் இருக்கிற, காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வின் கயிற்றை இழுத்தது. பதின்மூன்று வருடம் கழித்தும் அந்த இரண்டு கைக்கும் ஞாபகம் இருந்ததை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கர்வம்தான். மேலே வந்து பிரித்துப் பார்த்தால், இன்ஃப்ளேட்டருக்குள் பைக் டயர் வால்வில் இருக்கிற மாதிரியே ஒரு சின்ன முள். அதில் உப்புப் பூத்து, அழுத்தினால் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்கிறது. நாலு மீட்டர் குளமானாலும் இது வேடிக்கை இல்லை. எந்த ஆழத்திலானாலும் இப்படி நடந்து விறுவிறுவென்று மேலே தூக்கிக்கொண்டு வந்தால், மூச்சை அடக்கியவனுக்கு நுரையீரல் கிழியும்.

அந்த முள்ளை மாற்ற அதிகம் செலவாகாது. இன்ஃப்ளேட்டரை முழுசாகவே மாற்றலாம். ஆனால் உள்பக்கம் பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிகிற சத்தமும் கேட்டது. வாயால் ஊதினபோது வந்த பூஞ்சை வாசமும் சரியில்லை. தூக்கிப் போட்டேன். புதிது வாங்கவும் இல்லை. இதை இந்தியாவில் முங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புதுச்சேரியானாலும் அந்தமானானாலும் டைவ் கட்டணத்திலேயே பெரும்பாலும் சிலிண்டர், பிசிடி, மூழ்குவதற்குக் கட்டுகிற வெயிட் எல்லாம் அடக்கம். சொந்தச் சாமான் கொண்டுவந்தால் குறைப்பது பெரிய தொகை இல்லை. உள்ளூர் விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெட்டி 15 கிலோ. பிசிடியே அதில் நாலு கிலோவைத் தின்றுவிடும். வருடத்துக்குப் பத்து டைவ் போடுகிறவன் அதைச் சுமந்து திரிவது, கல்யாணத்துக்குப் போகும்போது சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. வாயில் வைப்பது, முகத்தில் ஒட்டுவது, உயிரைக் கணக்கிடுவது, இந்த மூன்றும் சொந்தமாக இருந்தால் போதும் என்பது என் கட்சி. சிலிண்டர் காற்றை மூச்சு விடுகிற அளவுக்கு அழுத்தம் குறைத்து வாய்க்குத் தருகிற ரெகுலேட்டர், மாஸ்க், கம்ப்யூட்டர்.

ரெகுலேட்டர் விஷயத்தில்தான் எல்லோரோடும் சண்டை போட்டேன். போனில் விசாரித்த இரண்டு கடைகளிலும் "பழசு சார், விட்ருங்க, புது செட் எடுத்துக்கோங்க" என்றார்கள். என்னுடையது ஸ்கூபாப்ரோ எம்கே2 பிளஸ். இந்த வகையில் ரொம்ப எளிமையானது, மாட்டுவண்டி மாதிரி. உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், காற்று வழியை அடைக்கிற சின்ன வில்லையான ஒரு சீட், ஓ-ரிங் என்கிற சில ரப்பர் வளையங்கள், முடிந்தது. சிலிண்டரில் காற்று குறையக் குறைய மூச்சு இழுக்கக் கொஞ்சம் கனமாகும். விலை கூடின, பேலன்ஸ்டு என்று சொல்கிற வகைகளில் அது தெரியாது. ஆனால் கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை என்பதுதான் அதன் அழகு. அதே வரிசையில் எம்கே2 ஈவோ என்று இன்றும் விற்கிறார்கள்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு டைவ் சென்டரின் பின்கட்டில் வேலை செய்யும் தம்பியைப் பிடித்தேன். இந்த வேலைக்கென்று பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்கிறவர். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்றேன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

பிரிப்பதற்கு முன்னால் சிலிண்டரில் மாட்டி, ஒரு குட்டி கேஜை ஹோஸின், அதாவது காற்றுக் குழாயின், முனையில் செருகினார். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம். சிலிண்டரில் மாட்டுகிற பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை ஒன்பது, ஒன்பதரை பாருக்கு இறக்கி ஹோஸுக்குள் அனுப்ப வேண்டும்; அங்கிருந்து வாயில் வைக்கிற பாகமான செகண்ட் ஸ்டேஜ் நம் வாய்க்குத் தேவையான அளவுக்கு இறக்கும். முள் ஒன்பதரைக்கு வந்து, அங்கே நிற்காமல் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத வேகம். ஒன்பதே முக்கால். பத்து. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் பார்த்தால் பத்தரை. "ஊருது பாருங்க சார்" என்றார். மூடினால் மூடியபடி நிற்க வேண்டிய சீட் மூடவில்லை, காற்று கசிந்து கசிந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இது இப்படியே ஏறினால் செகண்ட் ஸ்டேஜ் தாங்காமல் தானாகச் சீறிக் கொட்டும்.

பிரித்தார். பிஸ்டன் முனையில் இருந்த அந்த சீட், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, பூதக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நடுவில் வட்டமாக ஒரு தடம், பித்தளை விளிம்பு 140 டைவிலும் வந்து வந்து உட்கார்ந்து வெட்டிய தடம். ஒரு பக்கம் கொஞ்சம் ஆழமாக, மறுபக்கம் லேசாக. முள்ளை ஊர வைத்தது அதுதான். செகண்ட் ஸ்டேஜைத் திறந்தபோது அங்கேயும் ஒரு தடம், ஆனால் காரணம் வேறு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அழுத்தம் இல்லாதபோது ஸ்பிரிங் சீட்டைத் தள்ளிவிட்டுத் திறந்து வைத்திருக்கும். செகண்ட் ஸ்டேஜில் தலைகீழ்: சும்மா கிடக்கும்போதும் ஸ்பிரிங் சீட்டை விளிம்போடு அழுத்திக்கொண்டே இருக்கும். ஆக, நான் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வீட்டுக் கடனைக் கட்டி, வெள்ளத்தில் கட்டிலை ஏறக்கட்டின அத்தனை வருடமும் அது பரணில் உட்கார்ந்து அழுந்திக்கொண்டே இருந்திருக்கிறது. உபயோகிக்காமல் வைத்திருந்தால் கெடாது என்று நான் நினைத்ததற்கு நேர் எதிர்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழைகிற வாசலில் இருக்கிற வடிகட்டி லேசாகப் பச்சை பூத்திருந்தது. எப்போதோ ஒரு தடவை மூடியைச் சரியாகப் போடாமல் கழுவியிருக்கிறேன். பித்தளைப் பாகங்களில் களிம்பு. அதை வினிகர் கலந்த வெந்நீரில் போட்டு, அதிர்வு கொடுக்கிற தொட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுத்தார். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினமாதிரி வெளியே வந்தது. ஓ-ரிங் எல்லாமே புதுசு; சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசினார். யாராவது "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டா சரியாயிரும்" என்று சொன்னால் அவர் கையில் ரெகுலேட்டரைக் கொடுக்காதீர்கள்.

திரும்பப் பூட்டி, மாட்டி, அதே கேஜ். முள் ஒன்பதரைக்கு வந்தது. நின்றது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்கிறது.

பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் பிடித்தது, அதுதான் ஒரே குறை. பாகங்களும் கூலியும் சேர்த்து 9,200 ரூபாய். புது செட் என்றால் இதைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாது. இனிமேல் இரண்டு வருடம் அல்லது நூறு டைவ், எது முதலில் வருகிறதோ அப்போது கொண்டுவரச் சொன்னார். உங்களுடைய மாடலுக்குப் பாகம் கிடைக்கிறதா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, காட்சிப் பொருள்தான்.

ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் உலோக முனைக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு ரப்பர் உறை போட்டிருப்போம் இல்லையா, அதை நகர்த்தினால் அடியில் வெடிப்பு. பாதுகாக்கப் போட்ட உறைதான் வெடிப்பை மறைத்து வைத்திருந்தது. புதிதாக எடுக்கும்போது நூல் பின்னின, வளைந்து கொடுக்கிற வகையைக் கடைக்காரர் காட்டினார். பார்க்க அழகு, எடை குறைவு. ஆனால் அந்த வகையில் சிலவற்றின் உள்குழாய் வெப்பமான ஊர்களில் சிதைந்து, படிகம் மாதிரி உள்ளே படிந்து காற்றை அடைத்ததாக டைவர்கள் பாதுகாப்புக்கான டான் அமைப்பு எச்சரித்திருக்கிறது. அதற்குப் பிறகு உள்குழாய்ப் பொருளை மாற்றிச் செய்கிறார்கள் என்றார் அவர். இருக்கலாம். ஏப்ரலில் முடிச்சூர் பரணுக்குள் கை விட்டுப் பார்த்தவன் நான், பழைய கறுப்பு ரப்பரே போதும் என்று வாங்கிக்கொண்டேன். வாய்க்குள் வைக்கிற மவுத்பீஸ் சில நூறு ரூபாய்; அந்துருண்டை வாசம் அதோடு ஒழிந்தது. பிரஷர் கேஜும் புதுசு.

இப்போது பெரிய செலவுக்கு வருகிறேன். ஷியர்வாட்டர் பெரெக்ரின். கனடாக் கம்பெனி, 2020இல் வந்த மாடல். வரி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டியது, மனைவியிடம் நான் சொன்ன தொகை வேறு. இதைவிடப் பாதி விலைக்கு நல்ல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இதை எடுத்ததற்கு ஒரே காரணம் வெள்ளெழுத்து. ஐம்பத்தொரு வயதில் கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டு படிக்க முடியாது. தண்ணீருக்குள் பொருள்கள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பார்கள். கூடவே முக்கால் தூரத்துக்குக் கிட்டே வந்ததுபோலவும் தெரியும். கிட்டே இருப்பதுதான் நமக்குத் தெரியாதே! குளத்தில் வாடகைக் கம்ப்யூட்டரைக் கையை நீட்டி, மடக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஆழம் எட்டா மூன்றா என்று புரியவில்லை. பெரெக்ரினில் 2.2 அங்குலக் கலர் திரை. ஆழம், நேரம், இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம், மூன்றும் தெருப் பலகை மாதிரித் தெரிகின்றன. சரியாக இருந்தால் வெள்ளை, கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. மேலே ஏறுகிற வேகம் கூடினாலோ அலாரம் வந்தாலோ மணிக்கட்டில் அதிர்கிறது. ஐம்பதாயிரத்தில் நாற்பதாயிரம் அந்த எழுத்தின் அளவுக்குக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படித்த காலத்தில் அட்டவணை. 18 மீட்டர் ஆழத்தில் 56 நிமிடம்வரை இருக்கலாம் என்று PADI என்கிற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டையில் இருக்கும், அதை மனப்பாடம் செய்திருந்தோம். பெரெக்ரின் பின்பற்றுவது சூரிக்கில் ஆராய்ச்சி செய்த மருத்துவர் ப்யூல்மானின் கணக்கு. உடம்பின் திசுக்களை 16 கற்பனை அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூச்சுக் காற்றிலிருக்கிற நைட்ரஜன் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடும். அந்தக் கணக்கு அனுமதிக்கும் எல்லைவரை போகாமல் எத்தனை சதவீதத்தில் நின்றுகொள்வது என்பதை இரண்டு எண்ணாக நாமே வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது 40/85 என்று நடுத்தரத்தில் இருந்தது. நான் 35/75க்கு மாற்றிவிட்டேன். கீழே இருக்கிற நேரம் குறையும், குறையட்டும். அந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்தவர்கள் என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இதில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். திசைகாட்டி கிடையாது. சிலிண்டர் அழுத்தத்தை வயரில்லாமல் வாங்கிக் காட்டுகிற வசதி கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் பெரெக்ரின் டிஎக்ஸ் என்று அடுத்த மாடல் வந்துவிட்டது, இன்னும் செலவு. பேட்டரி உள்ளேயே அடைபட்டது. ஒரு தட்டின் மேல் வைத்தால் சார்ஜ் ஆகிறது, 30 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். எனக்கு மூன்று நாள், ஆறு டைவுக்குத் திரும்பச் சார்ஜே போடவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அந்த பேட்டரி ஓய்ந்தால், மூலைக் கடையில் வட்ட பேட்டரி வாங்கி நானே போட்டுக்கொள்கிற பழைய சுகம் இதில் இல்லை. பழைய கம்ப்யூட்டர் மேஜையில் 1.4 மீட்டர் முங்கினாலும், உயிராவது வந்ததல்லவா.

சின்னச் செலவுகளில் ஒன்றே ஒன்றைச் சிபாரிசு செய்வேன். காலில் மாட்டுகிற துடுப்பான ஃபின்ஸின் ரப்பர் பட்டையையும் பிளாஸ்டிக் பக்கிளையும் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டீல் ஸ்பிரிங் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். படகில் ஆடிக்கொண்டே குனிந்து பட்டையை இழுத்து இறுக்குகிற வேலை மிச்சம். தொப்பை உள்ளவர்களுக்கு அந்தக் குனிதலே பாதி டைவ். மாஸ்க்கை மாற்றவில்லை. சிலிக்கான் மஞ்சளடித்துப் போயிருந்தாலும் மென்மையாகவே இருந்தது, முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டிக்கொண்டு நின்றது. பட்டை மட்டும் புதுசு. முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் அமைவது பூர்வ ஜென்ம புண்ணியம். அது மஞ்சளானதற்காகக் கைவிடுவார்களா?

உடம்புக்கும் ஒரு சர்வீஸ் உண்டு. டைவ் சென்டர் கொடுக்கிற மருத்துவப் படிவத்தில் 45 வயதுக்கு மேல் என்றால் சிகரெட், கொலஸ்ட்ரால், குடும்பத்தில் இதய நோய் என்று கூடுதலாகக் கேட்பார்கள். ஒன்றுக்கு ஆமாம் போட்டாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். தாம்பரத்தில் எங்கள் குடும்ப டாக்டர் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நீச்சலா?" என்றார். விளக்கினேன். "இந்த வயசுலயா?" என்று டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார். ஆமாம் என்று எழுத வேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 9,200 ரூபாய் கொடுத்து ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்தவன் இதற்கு எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்?

இந்த மார்ச்சில் புதுச்சேரிக் கடல். நவம்பர், டிசம்பர் மழையில் அந்தப் பக்கம் போய்ப் பிரயோசனமில்லை. படகோட்டி அண்ணன் தண்ணீரைப் பார்த்து, "மேல கொஞ்சம் கலக்கல், கீழ தெளிவா இருக்கும். நீவாடு இல்ல" என்றார். எங்கள் புத்தகங்களில் கரண்ட் (நீரோட்டம்), ரீஃப் (கடலடிப் பாறைத் திட்டு) என்று எழுதுவதை அவர் நீவாடு, பார் என்கிறார். நான்கைந்து சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தேன். செயற்கையாகக் கட்டிய ஒரு பாருக்கு மேல் இறங்கினோம், 18 மீட்டர். வெட்சூட் போடவில்லை, 28 டிகிரித் தண்ணீருக்கு முழுக்கைப் பனியனே போதும். பழைய கணக்கை நம்பி நாலு கிலோ வெயிட் கட்டிக்கொண்டு, இறங்க முடியாமல் கார்க் மாதிரி மிதந்தேன். கூடின பதின்மூன்று கிலோவும் மிதக்கிற ஜாதி. கூட வந்த வழிகாட்டியான டைவ்மாஸ்டர் சிரிக்காமல் இன்னும் இரண்டு கிலோவைச் செருகிவிட்டார், அந்த மரியாதைக்கு நன்றி.

ஐந்தாவது மீட்டரில் பழக்கமான அந்தச் சத்தம். உள்ளே இழுக்கும்போது உலோக விசில், வெளியே விடும்போது குமிழிகளின் கொப்பளிப்பு. அதே ரெகுலேட்டர், அதே சுருதி. மற்றது எல்லாம் மாறியிருந்தது, வாய்க்குள் இருந்தது மட்டும் 2008. சிலிண்டரில் கடைசி ஐம்பது பார் அழுத்தம் இருந்தபோது மூச்சு லேசாகக் கனத்தது. எம்கே2 அப்படித்தான் சொல்லும், மேலே போகலாம் என்று. ஏறும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் நின்றபோது கம்ப்யூட்டர் மூன்று நிமிடத்தைப் பின்னோக்கி எண்ணியது. கையை நீட்டாமல், தலையைச் சாய்க்காமல் ஒவ்வொரு நொடியையும் படித்தேன்.

மொத்தச் செலவு எண்பதாயிரத்துக்குள் அடங்கியது, அதில் பெரும்பங்கு கம்ப்யூட்டர். பை திரும்பப் பரணுக்குப் போகவில்லை. ரெகுலேட்டரைச் சுருட்டாமல், பெரிய வளையமாக விட்டு, படுக்கையறை பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அது பட்டுப் புடவைகளுக்கான தட்டு. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து செகண்ட் ஸ்டேஜின் பொத்தானை நாலு தடவை அமுக்கிவிட்டு வைக்கிறேன். இதில் பிரயோசனம் உண்டா என்று அந்தத் தம்பியிடம் கேட்டதற்கு, "உங்க திருப்திக்குப் பண்ணுங்க சார்" என்றார். புடவைத் தட்டை எப்போது காலி செய்வதாக உத்தேசம் என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.